வண்ணாரப்பேட்டை ரிப்பேர் கடை: பழைய ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரை நம்பிக் கொடுக்கலாமா?

எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி உள்சந்தில் இருக்கிறது இந்தச் சின்னக் கடை. பலகையில் இன்வெர்ட்டர், ஆம்ப்ளிஃபயர் என்றுதான் எழுதியிருக்கும். கேட்டால் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமும் (டிவியில் மாட்டி ஓட்டும், 1980களின் சின்க்ளேர் வீட்டுக் கம்ப்யூட்டர்) பார்ப்பார்கள். சோதனைக்கு 300 ரூபாய். வேலையைக் கொடுத்தால் கூலியில் கழித்துக்கொள்வார்கள்.

அளந்து பார்க்காமல் சிப்பில் கை வைப்பதில்லை என்பதற்காகவே இங்கே போகலாம். டிவியில் கோடு கோடாக வந்தாலே எட்டு ராம் (மெமரி) சிப்பையும் பிடுங்கிப்போடுகிற ஆட்கள் உண்டு. இவர்கள் முதலில் மீட்டரைத்தான் எடுக்கிறார்கள். 48கே மெமரி உள்ள மாடலின் போர்டில் ஐசி6 முதல் ஐசி13 வரை எண் போட்ட இடங்களில் இருப்பது கீழ் ராம் (மெமரியின் முதல் 16கே), 4116 வகைச் சிப். அதற்கு மூன்று வோல்டேஜ் வேண்டும். 1ஆம் காலில் மைனஸ் 5, 8இல் 12, 9இல் 5, 16 கிரவுண்டு. மைனஸ் 5 விழுந்து 12 மட்டும் நின்றால் சிப் சூடேறிச் சாகும். மைனஸ் 5, 12 இரண்டையும் உண்டாக்குவது டிஆர்4 டிரான்சிஸ்டரும் பக்கத்துக் காயிலும்தான். அதைச் சரிபார்க்காமல் புது ராம் போட்டால் புதுசும் போச்சு. டிஆர்4 இடத்தில் இசட்டிஎக்ஸ்650 போட்டு, மூன்றும் சரியாக நின்ற பிறகுதான் இங்கே ராம் பக்கம் போகிறார்கள். ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொரு சிப்பாக விரல் வைத்துப் பார்த்து, சுடுகிறதை முதலில் சந்தேகிக்கிறார்கள்.

கழற்றும் விதமும் நேர்த்தி. கட்டரால் கால்களை நறுக்கி உடலை எடுத்துவிட்டு, மிச்சக் கால்களை ஒவ்வொன்றாகச் சூடுகாட்டி உருவுகிறார்கள். சிப் போனால் போகட்டும், போர்டின் செம்புக் கோடான ட்ராக் பிய்ந்தால்தான் தலைவலி. பிறகு சாக்கெட்.

4116 கிடைக்காவிட்டால் எட்டுக்கும் 4164 போடலாம் என்பார்கள். சரிதான், ஆனால் அது 5 வோல்ட்டில் மட்டும் ஓடும் சிப். 8ஆம் காலுக்கு 12க்குப் பதில் 5 போக வேண்டும், 9ஆம் கால் அட்ரஸ் கால். அப்படியே சொருகினால் வேலைக்கு ஆகாது. மாற்றிய பிறகும் டிஆர்4 தேவை, கலர் சிப் எல்எம்1889க்கு அந்த 12 வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. யூஎல்ஏ சிப்பை (ஸ்பெக்ட்ரமுக்கென்றே செய்த முக்கியச் சிப்) ஸ்க்ரூடிரைவரால் ஒரே பக்கமாக நெம்புகிறார்கள். கால் ஒடிந்தால் மாற்றுச் சிப்புக்கு எங்கே போவது? ஐசி புல்லர் போடச் சொல்லுங்கள். ராயபுரம், காசிமேடு வீடுகளில் உப்புக் காற்றில் சாக்கெட் கறுத்திருக்கும். பல நேரம் சிப்பைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து மாட்டினாலே போதும். கீபோர்டு மெம்ப்ரேனின் (பட்டன்களுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாள்) வால், அதாவது போர்டில் சொருகும் பட்டை, நொறுங்கியிருந்தால் நுனியைக் கத்தரித்து மறுபடி சொருகுகிறார்கள். அது ஒரு தடவைக்குத்தான் தாங்கும், வால் குட்டையாகிவிடும். புது மெம்ப்ரேன் நீங்களே வாங்கிக்கொண்டு போவது நல்லது.

ஆன் செய்ததும் வரும் சின்க்ளேர் 1982 வரி திரையில் வந்ததும் 'முடிந்தது' என்று பெட்டியை நீட்டுவார்கள். அவசரப்படாதீர்கள். மேல் ராம் (மிச்ச 32கே) செத்திருந்தாலும் அந்த வரி வரும். மெமரியின் 23733ஆம் இடத்தில் இருக்கும் எண்ணை 256ஆல் பெருக்கி 23732ஆம் இடத்தில் இருப்பதோடு கூட்டச் சொல்லி, மெமரியைப் படிக்கும் பீக் கட்டளையால் திரையில் பிரின்ட் எடுங்கள். 65535 என்றால் 48கே முழுசாக இருக்கிறது. 32767 என்றால் மேல் ராமான ஐசி15 முதல் 22 வரை இன்னும் வேலை பாக்கி, காசை எடுக்காதீர்கள்.

உங்கள் அடாப்டரையும் கையோடு கொண்டுபோங்கள். அவர்கள் சொந்த சப்ளையில்தான் சோதிக்கிறார்கள். ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட், உள்முனை மைனஸ். பர்மா பஜாரில் சாதாரணமாகக் கிடைப்பது பெரும்பாலும் உள்முனை பிளஸ்.