ஏழு வருடம், ஒரே சைக்கிள்: எதை நானே செய்கிறேன், எதற்குக் கடைக்குப் போகிறேன்

பினாங்கில் 7 வருடமாக ஒரே ரோட் பைக்கை ஓட்டி வருகிறேன். அலுமினியச் சட்டம், ஷிமானோ தியாக்ரா 4700 கியர் செட், பின்னால் 10 பல்சக்கரம், ரிம் பிரேக். வார நாளில் ஜெலுத்தோங்கிலிருந்து வேலைக்குப் போக வர. ஞாயிற்றுக்கிழமையில் பத்து பெரிங்கி, தெலுக் பாஹாங் அணை, பாலேக் புலாவ் என்று தீவைச் சுற்றி வந்தால் 70 கிலோமீட்டர் தாண்டிவிடும்.

முதல் இரண்டு வருடம் டியூப் மாற்றுவதற்குக்கூட கடைக்குத்தான் போனேன். ஒரு மழைநாளில் வளைவில் வழுக்கி வலது பக்கமாக விழுந்தேன். அதோடு அந்தப் பழக்கம் மாறியது.

விழுந்ததில் பின் கியரை நகர்த்தும் பாகம், நாங்கள் ஆர்டி என்போமே, அது வளைந்துவிட்டது. அப்போது வழக்கமாகப் போய்க்கொண்டிருந்த கடையில் புதிது மாட்டித் தந்தார்கள். அப்புறம் கியர் ஒழுங்காக விழவே இல்லை. கடைசி இரண்டு பல்லில் சரியாக வைத்தால் நடுவில் தாவும், நடுவில் சரியாக வைத்தால் ஓரத்தில் கரகரக்கும். மூன்று முறை திரும்பப் போனேன். ஒவ்வொரு முறையும் வயரை இழுத்து, திருகைத் திருப்பி, "ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்" என்று அனுப்பினார்கள். காசு போனதைவிட, என் சைக்கிளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லையே என்பதுதான் மனதை அறுத்தது.

கடைசியில் ஆர்டியின் பின்பக்கம் இருந்த எண்ணைத் துடைத்துப் பார்த்தேன். 4600. அதாவது முந்தைய தலைமுறை. அதுவும் 10 கியர்தான், ஆனால் இரண்டும் ஒத்துப்போகாது. 4700இல் ஷிமானோ வயர் இழுக்கும் அளவை மாற்றி, தன் 11 கியர் செட்டுகளை ஒட்டி வைத்தது. கைப்பிடியில் கியர் மாற்றும் 4700 லீவர் ஒரு சொடுக்குக்கு அதிக வயரை இழுக்கும். பழைய ஆர்டியோ குறைந்த இழுப்புக்கே ஒரு பல் நகர்வது போலச் செய்யப்பட்டது. இரண்டையும் சேர்த்தால் ஒவ்வொரு சொடுக்குக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தாவி, நான்கு ஐந்து கியருக்குள் எல்லாம் விலகிப் போகும். எந்தத் திருகாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

பொருத்தமான ஆர்டியை நானே வாங்கிக்கொண்டு ஜார்ஜ்டவுனில் ஒரு சந்துக் கடைக்குப் போனேன். வயதான சீன அங்கிள் ஒருவர், ஓர் உதவியாளர், அவ்வளவுதான் கடை. அவர் ஆர்டியைத் தொடும் முன்னே, அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் துண்டான ஹேங்கரில் அளவுக்கோலை மாட்டிச் சக்கரத்தைச் சுற்றினார். ஹேங்கரும் வளைந்திருந்தது. முந்தைய கடையில் அதை யாரும் பார்த்திருக்கவே இல்லை. மெதுவாக நிமிர்த்தி, பிறகே ஆர்டியை மாட்டினார். கூலி மட்டும் வாங்கினார். வெளியில் வாங்கிய பொருளைக் கொண்டுபோனால் முகம் சுளிக்கும் கடைகளும் உண்டு. இவர் பெட்டியைத் திறந்து பார்த்து, "பெத்துல் லா, இதுதான்" என்றார்.

அன்றிலிருந்து வேலையைப் பிரித்துக்கொண்டேன். செயின், பிரேக் கட்டை, வயர், டயர் எல்லாம் வீட்டில். செயினுக்கு அங்குலக் கோடு போட்ட அளவுகோல் ஒன்று போதும்: புதுச் செயினில் ஓர் ஊசியிலிருந்து எண்ணினால் 12 அங்குலத்தில் சரியாக இன்னோர் ஊசி வரும். அது 1/16 அங்குலம் தள்ளிப் போனதும் மாற்றிவிடுகிறேன். இன்னும் ஓட்டினால் பின் பல்சக்கரமும் சேர்ந்து தேயும், அதன் விலை செயினைவிட அதிகம். மழையில் ஓட்டி வந்த அன்றே துடைத்து எண்ணெய் விடுவேன். கடற்காற்று வீசும் ஊரில் ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் மறுநாள் துரு தெரியும். கியர் வயரை வருடம் ஒருமுறை மாற்றுகிறேன். அது லீவருக்குள்ளேயே இழை இழையாக அறுந்து சிக்கிக்கொள்ளும். கியர் திடீரென மந்தமானால் நான் முதலில் பார்ப்பது அங்கேதான்.

பிரேக் கட்டை விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். துன் சார்டோன் சாலையில் மழைக்குப் பிறகு இறங்கினால் மணல் கட்டையில் புதைந்து ரிம்மை அரைக்கும். வீட்டுக்கு வந்ததும் கட்டையைக் கழற்றி, ஊசி முனையால் மணலையும் அலுமினியத் துணுக்கையும் குத்தி எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஹேங்கர், சக்கரக் கோட்டம், இரண்டு பெடலுக்கும் நடுவில் சட்டத்துக்குள் இருக்கும் பேரிங் எல்லாம் அங்கிளிடம். அதற்கான கருவிகள் என்னிடம் இல்லை. இருந்தாலும் அவருடைய காது எனக்கு வராது. ஸ்போக்கை விரலால் சுண்டி, சத்தத்தை வைத்தே எது தளர்ந்தது என்று சொல்கிறார். ஒருமுறை மிதிக்கும்போதெல்லாம் கிறீச்சென்று சத்தம். பேரிங் போய்விட்டது என்று நான் முடிவே செய்துவிட்டேன். அவர் என்னை நின்றபடி மிதிக்கச் சொன்னார். சத்தம் இல்லை. சீட் குழாயை உருவித் துடைத்து, கிரீஸ் தடவித் திரும்பச் செருகினார். அவ்வளவுதான். பேரிங் விற்றிருந்தால் அவருக்கு லாபம், எனக்கும் தெரிந்திருக்காது.

இப்போது முன் ரிம்மில் தேய்மானத்தைக் காட்டும் சிறு குழி ஏறக்குறைய மறைந்துவிட்டது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் பழைய ஹப்பிலேயே புது ரிம் கட்டித் தருவதாக அங்கிள் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்று கேட்டேன். சனிக்கிழமை காலை பசியாறிவிட்டு வா, நேரம் ஆகும் என்றார்.