வெள்ளெழுத்துக்குச் சுவரெழுத்து

45 வயதில் எனக்கு வெள்ளெழுத்து வந்தது. மண்டபத்தில் வீட்டிலிருந்தபடியே நாலைந்து விசைப்படகுக்காரர்களுக்கும் ஒரு நண்டு கம்பெனிக்கும் கணக்கு எழுதுகிறேன். தூரத்தில் கடலில் நிற்கும் படகுகளை எண்ணிவிடுவேன். கண்ணெதிரே எக்செல் கட்டத்தில் இருப்பது 3-ஆ 8-ஆ என்று தெரியாது. இரட்டைக் கண்ணாடி போட்டால் அதன் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்க முகத்தைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் பிடரி கல்லாகிவிடும்.

அந்தச் சமயத்தில்தான் துபாயிலிருந்து வந்த மச்சினன், தான் பயன்படுத்திய ஹோம் தியேட்டர் ப்ரொஜெக்டரைக் கொடுத்தான். 1080பி தெளிவு, டிஎல்பி என்ற வகை, உள்ளே லாம்ப் எரிவது. "படம் பாருங்க மச்சான்" என்றான். நான் மூன்று வருஷமாக அதில் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

60 சென்டிமீட்டரில் 24 அங்குல மானிட்டர் கண்ணுக்கு எவ்வளவு பெரிதோ, இரண்டரை மீட்டரில் 100 அங்குலப் படமும் அவ்வளவுதான். எழுத்தும் அதே அளவில்தான் தெரியும். ஆனால் கண் கிட்டத்தில் குவிய வேண்டியதில்லை, அதனால் படிக்கும் கண்ணாடி தேவையில்லை. நான் இதை வைத்துக்கொண்டிருப்பதற்கு முழுக் காரணமும் இதுதான். மற்றபடி சுவர் நிறைய எக்செல் பார்ப்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

முதல் வாரம் வெறுத்துப்போனேன். ஓரமாக மேஜையில் வைத்து, கோணலைக் கீஸ்டோன் என்ற மெனு வசதியில் நேராக்கியிருந்தேன். கீஸ்டோன் லென்ஸைத் தொடுவதில்லை, படத்தைத்தான் எதிர்ப்பக்கமாகக் கோணலாக்கிக் குறுக்குகிறது. சினிமாவில் அது தெரியாது, சின்ன எழுத்தில் அப்பட்டமாகத் தெரியும். உத்திரத்திலிருந்து கம்பி இறக்கி, ப்ரொஜெக்டரைத் தலைகீழாக, சுவருக்கு நேராகத் தொங்கவிட்டு, கீஸ்டோனைப் பூஜ்யமாக்கினேன். எழுத்து பளிச்சென்று நின்றது. கீழே டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டதற்கு, படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டும் ஓவர்ஸ்கேன் காரணம், மெனுவில் அணைத்தால் போதும்.

ஒன்று மட்டும் பிடிபடாமல் ரொம்ப நாள் படுத்தியது. பாக்கி நிற்கும் தொகையைச் சிவப்பில் போடுவது என் பழக்கம். கறுப்பு எழுத்து கூர்மையாக இருக்க, சிவப்பு மட்டும் ஓரம் கரைந்து தெரிந்தது. வீடியோவில் ஒளி அளவைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிக்கு ஒன்றாகச் சுருக்கி அனுப்பும் முறை உண்டு. படத்துக்கு அது போதும், எழுத்துக்குப் போதாது. கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் அமைப்பில், நிறத்தைச் சுருக்காமல் அனுப்பும் ஆர்ஜிபி என்று மாற்றி, ப்ரொஜெக்டரில் அந்த எச்டிஎம்ஐ இணைப்பைப் 'பிசி' என்று குறித்ததும் சரியாகிவிட்டது. கூடவே படம் வரும் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போட்டதில், கைக்குப் பின்னால் இழுபட்டு வந்துகொண்டிருந்த மவுஸும் சொன்னபடி கேட்டது.

பகல் வெளிச்சம் வேறு கதை. ப்ரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. வெளிச்சம் விழாத இடத்தில் சுவர் எப்படித் தெரிகிறதோ அதுதான் கறுப்பு. எங்கள் வீட்டு ஜன்னல் தென்கடல் பக்கம். மணலில் பட்டுத் தெறிக்கும் வெயில் திரைச்சீலையையும் மீறி உள்ளே வரும். கண்ணுக்கு இதம் என்று, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து காட்டும் டார்க் மோட் போட்டுப் பார்த்தேன், மோசமானது. பகலில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துதான் படிக்க முடிகிறது. அப்புறம் படத்தை 100 அங்குலத்திலிருந்து 70-க்குக் குறைத்தேன். பரப்பு பாதியாவதால் வெளிச்சம் இரட்டிப்பு. நாற்காலியையும் முன்னால் இழுத்துக்கொண்டேன். ஒன்றே முக்கால் மீட்டரும் வெள்ளெழுத்துக் கண்ணுக்குத் தூரம்தான்.

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொது. இங்கே உண்மையான எதிரி உப்புக்காற்று. ஆடியில் கச்சான் காற்று அடித்தால் ஜன்னல் சட்டத்தில் மணல் கோடு போட்டு நிற்கும். அதே மணல்தான் ப்ரொஜெக்டர் காற்று இழுக்கும் வலையிலும். முதல் வருஷம் அதைக் கவனிக்கவில்லை. சூடேறி, எச்சரிக்கை விளக்கு எரிந்து, மாதக் கணக்கு முடிக்கிற நேரம் பார்த்துத் தானே அணைந்தது. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிரஷ் போடுகிறேன். வாடைக்காலத்தில் ஈரம் சேர்ந்துகொள்கிறது. திடீரென்று படம் விட்டுவிட்டு வந்தபோது எச்டிஎம்ஐ முனையைக் கழற்றிப் பார்த்தேன், பச்சைக் களிம்பு. வயரை மாற்றியதோடு போயிற்று. தொங்கவிட்ட திருகாணிகளும் துருவேறி, வருஷம் ஒரு தடவை மாற்ற வேண்டியிருக்கிறது. வேலை முடிந்து நன்றாக ஆறிய பிறகு, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட ஓலைப்பெட்டியைக் கீழிருந்து ஏற்றிக் கயிற்றில் மாட்டிவிடுவேன். பார்ப்பவர்கள் கோழி அடைத்திருக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

கரண்ட் விஷயமும் உண்டு. இது ஏறக்குறைய 280 வாட் இழுக்கிறது. நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால், இரண்டு மாத பில்லில் 80 யூனிட்டுக்கு மேல். இலவச 100 யூனிட்டைப் பெரும்பாலும் இதுவே தின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் விசிறியும் நின்று, லாம்ப் சூட்டிலேயே வேகும். கரண்ட் வந்தாலும் ஆறும்வரை எரியாது. இதற்கென்று தனியாக ஒரு யுபிஎஸ் வாங்க வேண்டி வந்தது. சுமார் 3,200 மணி நேரத்தில் லாம்ப் கண்கூடாக மங்கியது, மாற்றினேன். அடுத்து வாங்கினால் லேசர்தான். 20,000 மணி நேரம் தாங்கும் என்கிறார்கள், விலைதான் யோசிக்க வைக்கிறது.

வாங்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். டிஎல்பி என்பது 1987-இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் உருவாக்கிய நுண்கண்ணாடிச் சில்லில் ஓடுவது. விலை குறைந்த ஒற்றைச் சில்லுப் பெட்டிகளில், சுழலும் நிறச் சக்கரம் நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும். என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. வீட்டுக்காரி பார்வையைத் திருப்பினாலே எழுத்தோரத்தில் வானவில் தெறிக்கிறது என்கிறாள். அவள் இந்த அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பதில்லை.

அப்புறம் பல்லி. ராத்திரி வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். மழை பெய்து ஈசல் கிளம்பினால் அன்றைக்கு வேலை அம்போ. மற்ற நாட்களில் ஒரே ஒரு பல்லி, மவுஸ் பாயிண்டரைப் பூச்சி என்று நம்பி, டீசல் செலவுக் கட்டத்திலிருந்து மீன் வரவுக் கட்டம்வரை துரத்திக்கொண்டு போகும். கூட்டுத்தொகை இடிக்கிற நேரத்தில் அது சத்தம் கொடுத்தால் திண்ணையிலிருந்து அம்மா சொல்வாள்: "பல்லி சொல்லுதுப்பா, நீ போட்டது சரிதான்." இதுவரை ஒருமுறையும் சரியாக இருந்ததில்லை.