180 வெள்ளி வாங்கிக்கொண்டு ஃபியூஸுக்குப் பதில் கம்பி வைத்த கடை: எச்சரிக்கை

எங்கள் பேட்டையில் டிவி, ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்க்கும் சின்னக் கடை. பெயர் போடவில்லை. நேற்று ராத்திரி நடந்தது, கோபம் இன்னும் ஆறவில்லை.

இடி மின்னலோடு பெய்த மழைக்குப் பிறகு டிவி செத்துப்போனது. சிவப்பு விளக்குகூட எரியவில்லை. கடைக்காரர் பின்மூடியைக் கழற்றிப் பார்த்து, "பவர் போர்டு போச்சுண்ணே. ஒரிஜினல் போர்டு போட்டுத் தர்றேன், 180 வெள்ளி, மூணு மாசம் வாரண்டி" என்றார். கூட வந்த அம்மாவுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், முட்டிவலியை விசாரித்தார். பகலெல்லாம் அம்மாவுக்கு டிவிதான் துணை என்றதும், "கவலைப்படாதீங்கம்மா, நாளைக்கே வீட்டுக்கு வந்துரும்" என்றார். அந்தப் பேச்சை நம்பித்தான் 180 வெள்ளியையும் அங்கேயே எண்ணிக் கொடுத்தேன்.

டிவி ஓடத்தான் செய்தது. நேற்று அதன் பின்னாலிருந்து கருகல் வாடை, அப்புறம் புகை. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

மச்சான் எலக்ட்ரீஷியன். திறந்து பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. புது போர்டே கிடையாது, தூசி படிந்த அதே பழையது. 'டி 3.15 ஆம்பியர், 250 வோல்ட்' என்று அச்சடித்த இடத்தில் ஃபியூஸ் இல்லை. ஒரு செப்புக் கம்பியை வளைத்து ஈயம் வைத்திருக்கிறார்கள்!

230 வோல்ட் ஏசி உள்ளே வந்ததும் முதலில் தாண்ட வேண்டியது அந்த ஃபியூஸைத்தான். மின்னல் வேகத்தில் ஏறும் வோல்ட்டேஜை விழுங்கும் வேரிஸ்டர், ஏசியை டிசியாக்கும் டயோடுகள், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டர் எல்லாம் அதற்குப் பின்னால். அவற்றில் ஒன்று ஷார்ட் ஆனால் ஃபியூஸ் உருகித் தொடர்பை அறுக்கும். அது உருகியிருந்தால் ஏன் உருகியது என்று தேடுவதுதான் பழுதுபார்ப்பு. இவர்கள் தேடவில்லை. பலவீனமாகிப்போன வேரிஸ்டர் அப்படியே இருந்தது, நேற்று கருகியது அதுதான். மிச்சமிருந்த காவல் பிளக்கில் உள்ள 13 ஆம்பியர் ஃபியூஸ். கிட்டத்தட்ட 3000 வாட் வரை அது அசையாது, டிவிக்கோ நூற்றுச் சொச்சம் வாட் போதும். வீட்டு மின்பெட்டியில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) இருக்கிறதே என்பீர்கள். அது பூமிக்குக் கசியும் மின்சாரத்தைத்தான் பிடிக்கும். லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே எரிவது அதற்குத் தெரியாது.

காலையில் போர்டோடு போனேன். "நீங்க திறந்துட்டீங்க சார், வாரண்டி போச்சு." கம்பியைக் காட்டினேன். "சில மாடல்ல அப்படித்தான் வரும்." 180 வெள்ளியைத் திருப்பிக் கேட்டால், முதலாளி ஜொகூர் போயிருக்கிறாராம். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. ரசீதிலும் 'ரிப்பேர் 180' என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகிறேன், 180 வெள்ளியை விடப்போவதில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. மாற்றிய பழைய போர்டைக் கையில் கேட்டு வாங்குங்கள். என்ன மாற்றினார்கள் என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். ஃபியூஸ் என்றால் அதே ஆம்பியர், அதே வகை. நீங்களாகத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். இப்படி ஏதாவது கடையில் பவர் போர்டு 'மாற்றியவர்கள்', தெரிந்த எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை பிளக்கைக் கழற்றி வையுங்கள்.