எந்த மாதம், எந்த ஆறு: ட்ரவுட்டுக்கும் ஸ்டீல்ஹெட்டுக்கும் தண்ணீர் பார்த்துப் போவது

ஒரு வாரம் லீவு இருக்கிறது, அமெரிக்காவின் மேற்கு மலைப்பக்கம் ஃப்ளை ஃபிஷிங் (பூச்சிபோலக் கட்டிய தூண்டிலை, அதாவது ஃப்ளையை, வீசி மீன்பிடிப்பது) போகலாம் என்றிருக்கிறேன், எப்போது போனால் நல்லது? இப்படிக் கேட்கிற நண்பர்கள் பாதி முடிவோடுதான் வருகிறார்கள்: ஜூன், இல்லையென்றால் ஆகஸ்ட். மற்ற சுற்றுலாவுக்கு அந்தக் கணக்கு சரி. ஆற்றில் பார்க்க வேண்டியது வேறு. தண்ணீர் எவ்வளவு வருகிறது, எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது, இந்த இரண்டும்தான்.

முதலில் ட்ரவுட், குளிர்ந்த ஆறுகளில் வாழும் மீன். மொன்டானாவில் இரண்டு ஆறுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். யெல்லோஸ்டோன் ஆற்றைப் பெரிய அணை எதுவும் மறிப்பதில்லை. அதனால் மலையில் உருகும் பனி அத்தனையும் நேராக ஆற்றில்தான் இறங்கும். மே மாதம் கலங்கத் தொடங்கி, ஜூனில் உச்சத்துக்குப் போய், சில வருடங்களில் ஜூலையிலும் பழுப்பாகவே ஓடும். 2022 ஜூனில் பனியோடு மழையும் சேர்ந்துகொள்ள, வெள்ளம் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் சாலைகளையே அரித்துக்கொண்டு போனது.

பிக்ஹார்ன் அப்படியில்லை. யெல்லோடெய்ல் அணைக்குக் கீழே ஓடும் பகுதிக்கு நீர்த்தேக்கத்தின் ஆழத்திலிருந்து தண்ணீர் வருகிறது. கோடையில் குளிர்ச்சி, குளிர்காலத்தில் உறையாது. ஜனவரியில்கூட மதிய நேரத்தில் கொசு அளவுப் பூச்சிகளைத் தின்ன மீன் மேலே வரும். ஆகவே லீவு ஜூனில்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், அணைக்குக் கீழே உள்ள ஆறுதான்.

ஆனால் யெல்லோஸ்டோனுக்கு வெள்ளத்துக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி உண்டு. ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம். தண்ணீர் கொஞ்சம் சூடேறியதும் கேடிஸ் பூச்சிகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். சட்டைக் காலருக்குள், கண்ணாடிக்குப் பின்னால் என்று எங்கும் அதுதான். சிக்கல் என்னவென்றால், பூச்சியைக் கிளப்புகிற அதே வெயில்தான் மேலே பனியையும் உருக்குகிறது. சில வருடம் ஒரு வாரம் கிடைக்கும், சில வருடம் பூச்சியும் வெள்ளமும் சேர்ந்தே வந்துவிடும். பக்கத்தில் குடியிருப்பவர் ஓடிப்போய்ப் பார்க்கலாம். விமான டிக்கெட் எடுத்து வருகிறவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

சால்மன்ஃப்ளை என்ற பெரிய ஆற்றுப்பூச்சி கிளம்பும் காலத்தையும் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். ஆரிகனின் டெஷூட்ஸ் ஆற்றில் மே மாதக் கடைசியிலும், மொன்டானாவின் மேடிசன் ஆற்றில் ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்திலும் வரும். ஆற்றடிக் கற்களுக்கிடையே மூன்று நான்கு வருடம் கிடந்த பூச்சி அப்போதுதான் கரையேறுகிறது. காலையில் கரைப்பாறையைத் தொட்டுப் பாருங்கள். அது உரித்துப்போட்ட சட்டை, முதுகு பிளந்து, ஆறு கால்களும் கல்லைப் பற்றியபடி அப்படியே நிற்கும். விரலில் எடுத்தால் நொறுங்கும். அதற்கு மேலே வில்லோ கிளையில், சுண்டுவிரல் நீளத்தில், கழுத்தோரம் ஆரஞ்சு நிறத்தோடு பூச்சி சிறகு உலர்த்திக்கொண்டிருக்கும். காற்றடித்து அது தண்ணீரில் விழுந்தால் போதும், எப்போதும் ஆழத்தில் பதுங்குகிற பெரிய ட்ரவுட் கரையை ஒட்டி வந்து கவ்வும்.

ஆகஸ்டா, செப்டம்பர் கடைசியா? செப்டம்பர் கடைசிதான், இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. ட்ரவுட் நன்றாக இரை எடுப்பது ஏறக்குறைய 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது, மீனுக்கு வேண்டிய ஆக்சிஜனோ கூடுகிறது. 20 டிகிரியைத் தாண்டிய தண்ணீரில் போராடிக் களைத்த மீனை விட்டால் நீந்திப் போவதுபோல் போகும். கொஞ்ச நேரம் கழித்து எங்கோ கீழே செத்துக் கிடக்கலாம். நாம் விட்டுவிட்டோம் என்ற திருப்தியோடு வீடு திரும்புவோம். இதனால்தான் மொன்டானாவில் தொடர்ந்து மூன்று நாள் தண்ணீர் 23 டிகிரியைத் தொட்டால், மதியம் இரண்டு மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை போடுகிறார்கள். ‘ஹூட் அவுல்’ தடை என்று பெயர். தடை வரும்வரை காத்திருக்காதீர்கள். ஒரு வெப்பமானியை நூலில் கட்டி, நிழலான இடத்தில் தண்ணீருக்குள் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். 19 காட்டினாலே நான் தூண்டிலை மடக்கிவிடுவேன்.

செப்டம்பர் பாதிக்கு மேல் இரவுகள் குளிர்ந்துவிடும். தண்ணீர் குறைவு, கண்ணாடித் தெளிவு. மேகமூட்டமான மதியங்களில் சாம்பல் நிறச் சின்ன மேஃப்ளை பூச்சிகள் மிதந்து வரும். மெல்லிய நைலான் நூலும் பொறுமையும் வேண்டும், அவ்வளவுதான். அக்டோபரில் பிரவுன் ட்ரவுட் முட்டையிடத் தொடங்கும். ஆற்றடியில் பாசி நீங்கி, கழுவிவிட்டதுபோல வெளுத்துத் தெரியும் கூழாங்கல் திட்டுகள் அதன் கூடுகள். அதை மிதிக்காமல் சுற்றிப் போங்கள்.

சரி, ஸ்டீல்ஹெட். இதுவும் ரெயின்போ ட்ரவுட்டும் ஒரே இனம்தான். இது கடலுக்குப் போய் வளர்ந்து திரும்புகிறது. கோடைக் கூட்டம் மே முதல் அக்டோபர் வரை ஆறேறி, அடுத்த குளிர்காலமோ வசந்தமோ முட்டையிடும்வரை நன்னீரிலேயே காத்திருக்கும். குளிர்காலக் கூட்டம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, முட்டையிடும் பக்குவத்தோடு வரும்.

முதல் ஸ்டீல்ஹெட்டுக்கு டெஷூட்ஸ்தான் என் பரிந்துரை, அதுவும் செப்டம்பர் கடைசி, அக்டோபர். பள்ளத்தாக்கில் வெயில் விழாத காலையிலும் மாலையிலும் மிதக்கும் லைனை (தூண்டில் கயிற்றை) ஆற்றுக்குக் குறுக்கே வீசி, ஃப்ளையை ஓட்டத்தோடு வளைந்து வரவிட்டாலே மீன் மேலே வந்து எடுக்கும். கீழ் டெஷூட்ஸில் படகில் இருந்தபடி தூண்டில் போடக்கூடாது, இறங்கி நின்றுதான் வீச வேண்டும். ஆகஸ்டில் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், டெஷூட்ஸ் போய்ச் சேரும் கொலம்பியா ஆறு சூடாகும்போது வேறு ஆறுகளுக்குப் போகிற மீன்களும் டெஷூட்ஸ் முகத்துவாரத்தின் குளிர்ந்த நீரில் ஒதுங்குகின்றன. இளைப்பாற வந்ததை அங்கே போய்ப் பிடிக்க எனக்கு மனம் வருவதில்லை. 2021இல் திரும்பிய மீன் மிகக் குறைந்துபோய் இந்த ஆற்றில் ஸ்டீல்ஹெட் பிடிக்கவே தடை வந்தது. புறப்படும் முன் அந்த வருட விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிர்கால மீனுக்கு வாஷிங்டனின் ஒலிம்பிக் தீபகற்பம். ஹோ, போகச்சீல், சோல் டக். மீன் அநேகமாகப் பெரிது, ஆனால் கை விறைக்கும், மூழ்கும் லைனும் இரண்டு கையாலும் வீசும் ராடும் (தூண்டில் கோலும்) வேண்டும், நாள் முழுக்க வீசியும் ஒரு தொடுகைகூட இல்லாத நாட்கள்தான் அதிகம். அப்படியும் என் மனது இங்கேதான். மாட்டினால் முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே உள்ள சின்னச் சதைத் துடுப்பைப் பாருங்கள். பண்ணையில் வளர்த்து விட்ட மீனுக்கு அதை வெட்டியிருப்பார்கள். அது முழுசாக இருந்தால் ஆற்றிலேயே பிறந்த காட்டு மீன், தண்ணீரை விட்டுத் தூக்காமலே விட்டுவிட வேண்டும்.

இங்கே தேதி குறித்துக்கொண்டு போவதில் பயனில்லை. ஹோ மழைக்காட்டில் வருடத்துக்கு 3,500 மில்லிமீட்டர் வரை மழை கொட்டும், ஒரே இரவில் ஆறு சேறாகிவிடும். நீர்மட்டத்தை இணையத்தில் பார்த்து, மழை நின்று தண்ணீர் வடியத் தொடங்கிய பிறகு போங்கள். முழங்கால் ஆழத்தில் நின்று குனிந்து பாருங்கள். பூட்ஸ் நுனி தெரியவில்லையா, காருக்குத் திரும்பி ஒரு காபி குடியுங்கள். பச்சைத் தண்ணீருக்கடியில் மங்கலாகத் தெரிகிறதா, அங்கிருந்தே முதல் வீச்சைத் தொடங்கலாம்.