1,360 பவுண்டு வாங்கிக்கொண்டு பழைய ஸ்ட்ரட்டுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள்: கேம்பர்வேன் வைத்திருப்போருக்கு எச்சரிக்கை

இங்கிலாந்தில் கேம்பர்வேன் (உள்ளேயே படுத்துத் தங்கும் வசதியுள்ள வேன்) வைத்திருக்கும் தமிழர்களும், இந்தக் கோடைக்குள் பழைய வண்டி ஒன்றை வாங்கிவிடலாம் என்று எண்ணியிருப்பவர்களும் இதை அவசியம் படிக்க வேண்டும். கையால் தூக்கி இறக்கும் பாப்-டாப் கூரையைச் சீர்செய்து தருவதாகச் சொல்லி, வேன்களைக் கேம்பர்வேனாக மாற்றித்தரும் பட்டறை ஒன்று என்னிடம் 1,360 பவுண்டு வாங்கியது. அவர்களிடம் கொடுப்பதற்கு முன்பு இருந்ததைவிடக் கூரை இன்று மோசமாக இருக்கிறது. நேற்று அவர்கள் அனுப்பிய பதிலைப் படித்தபின் இனியும் பொறுத்திருப்பதில் பொருள் இல்லை என்று தோன்றியதால், கோபம் ஆறுவதற்குள்ளேயே இதை எழுதுகிறேன். நீதிமன்றத்துக்குப் போக இருப்பதால் பட்டறையின் பெயரையும் ஊரையும் இங்கே குறிப்பிடவில்லை, பின்னூட்டத்தில் கேட்காதீர்கள்.

எங்கள் வண்டி 2011ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வேகன் டிரான்ஸ்போர்ட்டர், டி5 ரகம். சரக்கு வேனாக இருந்ததன் இரும்புக் கூரையை வெட்டியெடுத்து, வெட்டிய விளிம்புக்குச் சட்டம் கொடுத்து, அதன்மேல் ஃபைபர்கிளாஸ் கூரையை முந்தைய உரிமையாளர் பொருத்தியிருந்தார். பின்பக்கம் கீல், முன்பக்கம் உயரும். இரண்டு பக்கமும் மடங்கி விரியும் இரும்புக் கைகளும், பக்கத்துக்கு ஒன்றாகக் கேஸ் ஸ்ட்ரட்டும் (வாயு அழுத்தத்தால் கூரையைத் தூக்கித் தாங்கும் குழாய்த் தண்டு) உண்டு. மோட்டார் எதுவும் கிடையாது. கொக்கிகளை விடுவித்து, நடுவில் இரு கைகளையும் கொடுத்து மேலே தள்ளினால், ஓரளவு உயர்ந்ததும் ஸ்ட்ரட்டுகள் பாரத்தை ஏற்றுக்கொண்டு மீதி உயரத்துக்குத் தாமே தூக்கிவிடும். அந்த ஸ்ட்ரட்டுக்குள் அழுத்தி அடைக்கப்பட்டிருக்கும் நைட்ரஜன் ஆண்டுகள் செல்லச் செல்லக் கசியும். குளிர் நாட்களில் அழுத்தம் இன்னும் குறையும். சென்ற குளிர்காலத்தில் எங்கள் கூரை பாதி உயரத்தில் நின்று, மெல்ல மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. உயர்ந்த கூரைக்கும் வண்டிக்கும் இடையில் சுவர்போல் நிற்கும் கான்வாஸ் துணியும் மூலைகளில் நைந்திருந்தது. மேல்படுக்கையில் பிள்ளைகள் இருவரும் படுப்பதால், ஸ்ட்ரட், கான்வாஸ், ரப்பர் சீல் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடலாம் என்று முடிவுசெய்துதான் பட்டறைக்குப் போனோம்.

அங்கிருந்தவர் பேசிய விதமே என்னை நம்பவைத்தது. விலையைப் பற்றி முதலில் அவர் வாய் திறக்கவே இல்லை. வண்டிக்குள் ஏறி, கூரையைத் தானே இரண்டு மூன்று முறை தூக்கி இறக்கிப் பார்த்தார். கான்வாஸ் எங்கே மடிகிறது, எங்கே இரும்புக் கைகளுக்கு இடையில் சிக்குகிறது என்று விரலால் தொட்டுக் காட்டினார். மூடுவதற்கு முன் ஒரு கதவைத் திறந்துவைக்காவிட்டால் உள்ளே அடைபடும் காற்று துணியை வெளியே பிதுக்கிவிடும் என்றும், கடைசிச் சிறு இடைவெளி இருக்கும்போதே நிறுத்தித் துணியைச் சுற்றிலும் உள்ளே தள்ளிவிட்டுத்தான் கொக்கி போட வேண்டும் என்றும் பொறுமையாக விளக்கினார். எல்லாமே சரியான விஷயங்கள். பிறகு பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புதிய ஸ்ட்ரட் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, அதன்மேல் அச்சிட்டிருந்த நியூட்டன் அளவை, அதாவது அது தூக்கும் விசையின் அளவை, படிக்கச் சொன்னார். "இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று புதியது, ஒன்று பழையது என்று போட்டால் கூரை ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும், துணி கிழியும்" என்று அவரே சொன்னார். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மீண்டும் வருகிறேன்.

பணம் கட்டும் நேரத்தில் கார்டு இயந்திரம் வேலை செய்யவில்லை என்றார்கள். வங்கிக் கணக்குக்கு மாற்றினால் பொருட்களை அன்றே ஆர்டர் செய்துவிடலாம், இல்லாவிட்டால் கோடை விடுமுறைக்குள் முடியாது என்றார்கள். 1,360 பவுண்டும் முழுவதுமாக முன்பணமாகவே போயிற்று. ரசீதில் "கூரைப் பணி, 1,360" என்று ஒரே வரிதான் இருந்தது. பொருட்களைத் தனித்தனியாகக் குறித்துத் தரும்படி கேட்டதற்கு, வேலை முடிந்ததும் முழு ரசீது தருவதாகச் சொன்னார்கள். அந்த முழு ரசீது இன்றுவரை வரவில்லை.

வண்டியை எடுக்கப் போனபோது கூரை உயர்ந்து நின்றது. புதிய சாம்பல் நிறக் கான்வாஸ் பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது. கீழே இழுக்கும்போது இடப்பக்கம் எளிதாக வந்தது, வலப்பக்கம் விறைத்துக்கொண்டு நின்றது. புதிது என்பதால் அப்படித்தான் இருக்கும், பழகினால் சரியாகிவிடும் என்றார். பழைய ஸ்ட்ரட்டுகளைக் கேட்டேன். பழைய இரும்போடு போய்விட்டதாம்.

முதல் பயணமாக வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்கு (லேக் டிஸ்ட்ரிக்ட்) போனோம். பாரோடேல் பள்ளத்தாக்கு இங்கிலாந்திலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று; புதிய கான்வாஸ் போட்ட துணிச்சலில்தான் அங்கே தங்கினோம். நள்ளிரவில் மகள் எழுப்பினாள். இடப்பக்க முன்மூலையில் துணி சட்டத்தோடு சேரும் இடத்தில் நீர் கசிந்து, மெத்தையின் ஓரம் முழுவதும் ஊறியிருந்தது. கை விளக்கை வைத்துப் பார்த்தபோது, அந்த மூலையில் துணியைப் பிடித்துவைக்க வேண்டிய அலுமினியப் பட்டை பாதி தூரத்துக்குத்தான் திருகப்பட்டிருந்தது. மீதியில் திருகுகளுக்கான ஓட்டைகள் வெறுமனே இருந்தன. காலையில் கூரையை இறக்கும்போது அது நேராக இறங்கவில்லை. வலது பக்கம் தூக்கியபடியே நிற்க, இடது பக்கம் முந்திக்கொண்டு இறங்கியது. கதவைத் திறந்துவைத்து, துணியை உள்ளே தள்ளி, எல்லாவற்றையும் முறைப்படி செய்தும் இடப்பக்க மடிப்பு இரும்புக் கைகளுக்கு இடையில் சிக்கி, உள்ளங்கை நீளத்துக்குக் கிழிந்தது. 1,360 பவுண்டு கொடுத்துப் போட்ட துணி, முதல் பயணத்திலேயே கிழிந்தது.

அதன்பின் நடந்ததுதான் பணம் போனதைவிட அதிகம் வலிக்கிறது. முதலில் தொலைபேசியில் பேசியபோது, அது மழைநீர் அன்று, உள்ளே தூங்குபவர்களின் மூச்சுக்காற்று குளிர்ந்து நீராகிறது என்றார்கள். பாப்-டாப் கூரைகளில் அப்படி ஆவி படிவது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது துணி முழுவதும் பரவலாகப் படியுமே தவிர, ஒரே மூலையிலிருந்து ஒழுகாது. ஆள் யாரும் உள்ளே படுக்காமல், வீட்டு வாசலில் கூரையை உயர்த்தி ஓர் இரவு மழையில் நிறுத்திப் படம் எடுத்து அனுப்பினேன். அதே மூலை, அதே ஈரம். உடனே பேச்சு மாறியது: நான் கூரையைத் தவறாக இழுக்கிறேனாம், அதனால்தான் துணி கிழிந்ததாம். வண்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள். பகல் முழுவதும் வைத்திருந்து, கசிந்த மூலையில் வெள்ளை சிலிகானை அள்ளி அப்பியிருந்தார்கள். பட்டையைக் கழற்றவும் இல்லை, விட்டுப்போன திருகுகளைப் போடவும் இல்லை. பூசி மெழுகுவது என்றால் என்ன என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அடுத்த மழையில் நீர் அந்தச் சிலிகானைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது.

பிறகு முதலாளி விடுமுறையில் இருந்தார். அடுத்த முறை கேட்டபோது, பொருள் ஜெர்மனியிலிருந்து வரவேண்டும் என்றார்கள். எந்தப் பொருள் என்று கேட்டால் பதில் இல்லை. என் குறுஞ்செய்திகளைப் படித்ததற்கான நீலக் குறி விழும். பதில் மட்டும் வராது.

கார் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை செய்யும் நம் ஊர்த் தம்பி ஒருவரிடம் வண்டியைக் காட்டினேன். அவர் முதலில் கூரைக்கு முட்டுக்கட்டை கொடுத்தார். முட்டுக் கொடுக்காமல் ஸ்ட்ரட்டைக் கழற்றினால் கூரை தலைமேல் விழும். இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வலப்பக்கத்தது புதியது, நான் கையில் வாங்கிப் படித்த அதே அளவு அதில் இருந்தது. இடப்பக்கத்தது கனத்த கறுப்புப் பெயின்ட்டில் மூழ்கியிருந்தது. நகத்தால் சுரண்டியபோது பெயின்ட் சுருள் சுருளாக உரிந்து, அடியில் பழைய ஸ்டிக்கரும் 2011 என்ற ஆண்டும் தெரிந்தன. வழவழப்பாக இருக்க வேண்டிய உள்தண்டின்மீதும் பெயின்ட் தெறித்துக் காய்ந்திருந்தது. அது உள்ளே போய் வரும்போதெல்லாம் சீலை அறுத்து, எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. "அண்ணா, இது மாத்த மறந்தது இல்ல. மாத்தின மாதிரி காட்டியிருக்காங்க" என்றார் தம்பி.

ஒன்று புதியது, ஒன்று பழையது என்று போட்டால் கூரை முறுக்கிக்கொள்ளும், துணி கிழியும் என்று எனக்குச் சொல்லித்தந்தவர் அந்தப் பட்டறைக்காரர்தான். தெரியாமல் செய்தார் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ள அவர் இடமே வைக்கவில்லை. என் பிள்ளைகள் படுக்கும் இடத்துக்கு மேலே நிற்கும் கூரையை எண்ணெய் கசியும் பழைய ஸ்ட்ரட் ஒன்று தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதைத் தெரிந்தேதான் வண்டியைக் கையில் கொடுத்தார்.

படங்களோடு கடிதம் அனுப்பினேன். நேற்று வந்த பதில் இது: "பழைய வண்டி என்றால் இப்படித்தான் இருக்கும். எங்கள் தரப்பில் பணி முடிந்துவிட்டது." 1,360 பவுண்டுக்கு இரண்டு வாக்கியங்கள்.

கூரையைப் பராமரிப்பது பற்றி விரிவாக எழுதுவதாகச் சிலரிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கான மனநிலை இல்லை. உடனடியாகத் தெரியவேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன். வங்கிப் பரிமாற்றம் கேட்டால் கடனட்டையில்தான் கட்டுவேன் என்று நில்லுங்கள்; 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ கடனட்டையில் கட்டியிருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி அட்டை நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும். ஸ்ட்ரட்டுகளின் நியூட்டன் அளவும் கான்வாஸின் விவரமும் ரசீதில் தனித்தனியாக இருக்க வேண்டும். பழைய பாகங்களைத் திருப்பித் தரவேண்டும் என்பதை வேலைக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். வண்டியை எடுக்கும்போது இரு ஸ்ட்ரட்டுகளின் ஸ்டிக்கர்களையும் படம் எடுங்கள். ஸ்டிக்கர் இல்லாமலோ பெயின்ட் அடித்தோ இருந்தால் எடுக்காதீர்கள். கூரை இரு பக்கமும் ஒரே சீராக ஏறி இறங்குகிறதா என்று வெளியே நின்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரட்டின் உள்தண்டில் கிரீஸ் தடவாதீர்கள், சுத்தமான துணியால் துடைத்தால் போதும். ஈரத்தோடு மூட நேர்ந்தால், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் திறந்து காயவையுங்கள். பூஞ்சை பிடித்த கான்வாஸை மீட்பது கடினம். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், எந்தச் சேவையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்கிறது. செய்யாவிட்டால் மீண்டும் சரியாகச் செய்துதரவோ, விலையைக் குறைத்துப் பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கலாம். சிலிகானை அப்பியதை மீண்டும் செய்ததாக நான் ஏற்கப்போவதில்லை. வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய இறுதி அறிவிப்பை இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரையிலான கோரிக்கைகளைச் சிறு வழக்குப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமலேயே நடத்தலாம். உரித்த பெயின்ட்டோடு அந்த ஸ்ட்ரட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதே போன்ற பட்டறை வேலையில் ஏமாந்து, சிறு வழக்குப் பிரிவில் வென்றவர்கள் யாராவது இருந்தால், தனியான மெக்கானிக்கின் எழுத்துபூர்வ அறிக்கையை எப்படிச் சமர்ப்பித்தீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.