கிராஃப் கால்குலேட்டரில் சைன் அலை: பல வருடப் பயன்பாட்டுக்குப் பின்

செகண்ட் ஹேண்ட் கிராஃப் கால்குலேட்டர்கள், அதாவது சமன்பாட்டைக் கொடுத்தால் வளைவை வரைந்து காட்டும் கால்குலேட்டர்கள், இப்போது விலை இறங்கிக் கிடைக்கின்றன. "ஒண்ணு கைக்கு வருது சார், பிள்ளைங்களுக்கு சைன் வளைவு சொல்லிக்கொடுக்க வாங்கலாமா?" என்று கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் கணக்கு எடுக்கும் நண்பர் கேட்டிருந்தார். பதில் ஒரு வரியில் முடியாது. கருவி தெரிந்த வகைதான்: நாலு டிரிபிள் ஏ பேட்டரி, கறுப்பு வெள்ளைத் திரை, வளைவு வரைய அகலத்தில் 127 புள்ளி, உயரத்தில் 63 புள்ளி. கம்பெனிப் பெயர் வேண்டாம். இந்த அளவுத் திரை எதில் இருந்தாலும் இதே கதைதான்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். நாள்பட நாள்பட எரிச்சல் குறையாமல் இருப்பது அது ஒன்றுதான். இந்தக் கருவி தவறான அலையை வரைந்துவிட்டு, தவறு என்று ஒரு சின்ன அறிகுறிகூடக் காட்டாது.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ரேடியன் மோடில் எக்ஸ் 0 முதல் 2 பை வரை, ஒய் மைனஸ் 1.5 முதல் 1.5 வரை வையுங்கள். சைன்(125 எக்ஸ்) கொடுங்கள். 125 அலைகள் நெருக்கியடித்துத் திரையே கறுத்துப்போக வேண்டும். வருவதோ ஒரே ஒரு அலை. வழுவழுப்பாக, அச்சு அசலாக, ஆனால் தலைகீழாக: முதலில் கீழே இறங்கி, பிறகு மேலே ஏறும். 127 என்று மாற்றினால் பாடப்புத்தகத்தில் உள்ள அதே சைன் எக்ஸ் வந்து நிற்கும். 126 கொடுத்தால் அச்சின் மேலேயே படுத்த நேர்கோடு. 63 கொடுத்தாலும் நேர்கோடுதான்.

காரணம் இதுதான். 127 புள்ளிக்கு நடுவே 126 இடைவெளி. கருவி அந்த 127 இடத்தில் மட்டும் சைன் மதிப்பைக் கணக்கிட்டு, அடுத்தடுத்த புள்ளிகளைக் கோட்டால் இணைத்துவிடுகிறது. சைன்(126 எக்ஸ்) ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குப் போவதற்குள் சரியாக ஒரு முழுச் சுற்று முடித்து, மறுபடி சுழியத்தில் வந்து நிற்கிறது. நடுவில் அது மேலே போனதும் கீழே போனதும் கருவிக்குத் தெரியவே தெரியாது. 125 என்றால் ஒவ்வொரு புள்ளியிலும் முழுச் சுற்றுக்குக் கொஞ்சம் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கல் சேர்ந்து சேர்ந்து திரை முடிவதற்குள் தலைகீழாக ஒரு அலை ஆகிவிடுகிறது.

இது புத்தகத்துக்கு மட்டும் உரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். உச்ச மதிப்பு 230 பெருக்கல் 1.414, அதாவது 325 வோல்ட். எனவே 325 சைன்(100 பை எக்ஸ்), எக்ஸ் நொடியில். இதற்கு எக்ஸை 0-இல் தொடங்கி, எக்ஸ் மேக்ஸ், அதாவது திரையின் வலது எல்லை, 2.52 என்று வைத்தால் ஒரு புள்ளிக்கு 0.02 நொடி. ஒரு அலைக்கு ஆகும் நேரமும் 0.02 நொடிதான். திரையில் சுழியக் கோடு மட்டும் வரும். லைனில் கரண்டே இல்லை என்று பிள்ளை எழுதிவைத்தால் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது.

நியாயமாகப் பேச வேண்டும். எந்தச் சார்பு எவ்வளவு வேகமாக ஆடும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பது சின்னக் கருவிக்கு எளிதல்ல. ஆனால் ஒவ்வொரு இடைவெளியிலும் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஒரே ஒரு புள்ளியைக் கூடுதலாகக் கணக்கிட்டு, அது கோட்டைவிட்டு விலகி நின்றால் மூலையில் ஒரு குறி போட்டிருக்கலாம். மேலே சொன்ன 63, 125, 126, 127 நாலும் அதில் பிடிபட்டிருக்கும். வரையும் நேரம் இரண்டு மடங்காகும், அவ்வளவுதான். மாணவருக்கென்றே விற்கும் பொருளில் இதைச் செய்யாமல் விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எனவே நாமே காபந்து செய்துகொள்ள வேண்டும். ஒரு அலைக்குக் குறைந்தது 20 புள்ளி. அதாவது திரையில் ஆறு அலைக்கு மேல் வேண்டாம். அலைக்கான நீளம் 2 பை வகுத்தல் எக்ஸுக்கு முன்னால் உள்ள எண். அதை முதலில் கையால் போட்டுவிட்டுத்தான் விண்டோவை, அதாவது திரையின் எக்ஸ், ஒய் எல்லைகளை, தொட வேண்டும். இன்னொன்று: எக்ஸ் மேக்ஸை 126-ஆல் வகுத்தால் நல்ல எண் வரும்படி தேர்ந்தெடுங்கள். கரண்ட் அலைக்கு 0.04 என்று வைத்தால் ட்ரேஸ், அதாவது வளைவின் மேல் புள்ளி புள்ளியாக நகர்ந்து மதிப்பைக் காட்டும் வசதி, சரியாக உச்சியில் நிற்காது; 324.9 காட்டிவிட்டுத் தாண்டிப் போகும். 0.063 வைத்தால் ஒரு அடிக்கு 0.0005 நொடி. பத்தாவது அடியில் 0.005, மதிப்பு 325. இருபதாவது அடியில் சுழியம். ஒய் பக்கம் மைனஸ் 400 முதல் 400 போதும்.

டிகிரி, ரேடியன் குழப்பம் எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் திரையில் அது எப்படித் தெரியும் என்பதைச் சொல்லிவைப்பது நல்லது, பார்த்தவுடன் பிடித்துவிடலாம். கருவி தானாக வைக்கும் விண்டோ எக்ஸில் மைனஸ் 6.3 முதல் 6.3, ஒய்யில் மைனஸ் 3.1 முதல் 3.1, ஒரு புள்ளிக்கு 0.1. டிகிரி மோடில் சைன் எக்ஸ் போட்டால் 6.3 டிகிரிக்குச் சைன் மதிப்பு 0.11 மட்டுமே. ஆகவே நடுவில் அச்சோடு ஒட்டிய கோடு, இடது பக்கம் ஒரு புள்ளி தாழ்ந்து, வலது பக்கம் ஒரு புள்ளி உயர்ந்து, மூன்று படிக்கட்டுபோல நிற்கும். அந்தப் படிக்கட்டைக் கண்டால் மோடு டிகிரி. கரண்ட் அலையை டிகிரி மோடில் போட்டால் 0.04 நொடியில் 70.7 வோல்ட்டைத் தொடும், கிட்டத்தட்ட நேரான சரிவு வரும். எதிர்த்தவறு: ரேடியன் மோடில் எக்ஸை 0 முதல் 360 வரை வைப்பது. 57 அலைகளை 127 புள்ளியில் திணிப்பதால் ரம்பப்பல்தான் கிடைக்கும். எதையும் வரையும் முன் சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் டிகிரி, மைனஸ் 0.988 வந்தால் ரேடியன்.

இனி நல்லது. கிணற்று மோட்டார் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த ஊர்களில் த்ரீ ஃபேஸைக் காட்ட இதைவிடக் கைக்கடக்கமான கருவி கிடையாது. ஒய்1-இல் 325 சைன்(100 பை எக்ஸ்). ஒய்2-இல் அடைப்புக்குள் 2 பை வகுத்தல் 3-ஐக் கழியுங்கள், ஒய்3-இல் 4 பை வகுத்தல் 3-ஐ. மூன்றையும் கூட்டி ஒய்4-இல் போட்டால் சுழியக் கோடு. மூன்று ஃபேஸிலும் லோடு சமமாக இருந்தால் நியூட்ரலில் ஏன் கரண்ட் ஓடுவதில்லை என்பதற்கு அந்த ஒரு கோடு போதும். அடுத்து ஒய்1-இலிருந்து ஒய்2-ஐக் கழித்து வரையுங்கள், ஒய் மேக்ஸ் 600 வைத்து. உச்சி 563. அதை 1.414-ஆல் வகுத்தால் 398. இரண்டு ஃபேஸுக்கு நடுவே இருக்கும் 400 வோல்ட் இதுதான். மோட்டார் பிளேட்டில் 415 என்று இருந்தால் அது 240 வோல்ட் காலத்துக் கணக்கு: 240 பெருக்கல் 1.732.

இங்கேயும் அந்த எரிச்சல் விடாது. ஒய்4-இன் சுழியக் கோடு உண்மை. முன்பு 2.52 வைத்தபோது வந்த சுழியக் கோடு பொய். திரையில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

எதிர்பாராமல் மனசை நிறைத்தது சைன் ரெக்ரஷன், அதாவது கொடுத்த புள்ளிகளுக்கு மிக நெருக்கமாகப் பொருந்தும் சைன் அலையைக் கருவியே கண்டுபிடித்துத் தருவது. பகல் எவ்வளவு நேரம் என்பதை வைத்துப் பாருங்கள். சூரிய உதயமும் அஸ்தமனமும் போட்ட காலண்டர் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு மாதமும் 21-ஆம் தேதிக்குரிய பகல் நீளத்தை நிமிடமாக மாற்றுங்கள். முதல் பட்டியலில் வருடத்தின் எத்தனையாவது நாள்: 21, 52, 80, 111, 141, 172, 202, 233, 264, 294, 325, 355. இரண்டாவதில் நிமிடங்கள். ரேடியன் மோடுக்கு மாற்றிவிட்டு ரெக்ரஷனை ஓட்டுங்கள். ஏ சைன்(பி எக்ஸ் + சி) + டி என்ற வடிவில் விடை வரும். பாலக்காடு, சித்தூர் பக்கத்து அட்சரேகை சுமார் 10.7 டிகிரி, அதற்கு ஏ 37.5, பி 0.0172, சி மைனஸ் 1.38, டி 727.5 ஒட்டி வரும். எக்ஸ் 0 முதல் 365, ஒய் 680 முதல் 775 என்று விண்டோ வைத்து வரைந்தால் பன்னிரண்டு புள்ளியையும் கோர்த்துக்கொண்டு ஒரே அலை போகும். பார்க்கப் பார்க்கச் சலிக்காது.

அந்த நாலு எண்ணிலும் பொருள் இருக்கிறது. 2 பை-யை 0.0172-ஆல் வகுத்தால் 365. ஏ 37.5 என்றால் நம் பக்கத்தில் ஜூன் 21-இல் பகல் சுமார் 12 மணி 45 நிமிடம், டிசம்பர் 21-இல் சுமார் 11 மணி 30 நிமிடம். டி ஏன் 720 ஆகாமல் 727 ஆகிறது? சூரியனின் மேல் விளிம்பு தெரிவதையே உதயம் என்று கணக்கிடுகிறார்கள். அதோடு காற்று மண்டலம் ஒளியை வளைத்து, அடிவானத்துக்குக் கீழே உள்ள சூரியனையும் காட்டிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து ஏழு நிமிடம். சூரியனின் நடுப்புள்ளியை மட்டும் வைத்து, ஒளிவளைவைச் சேர்க்காமல் போட்ட பஞ்சாங்கமாக இருந்தால் டி 720-ஐ ஒட்டித்தான் வரும். ஏ-யையும் பி-யையும் பெருக்குங்கள்: 0.645 நிமிடம், அதாவது 39 நொடி. மார்ச் 21 வாக்கில் பகல் ஒரு நாளுக்கு அவ்வளவு நீள்கிறது. வகையிடலில் சைன் ஏன் கொசைன் ஆகிறது என்பதைப் பிள்ளைகள் காலண்டரிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியது: முழு வருட டேட்டா வேண்டும். நாலைந்து மாதத்துக்கு மட்டும் கொடுத்தால் பி தடுமாறும், அதோடு மற்ற மூன்றும் கெடும். உதயம் ஒரு ஊருக்கு, அஸ்தமனம் இன்னொரு ஊருக்கு என்று கலந்து எடுக்கவும் கூடாது.

இதே ஆர்வத்தில் பாலக்காட்டு வெயிலைப் பொருத்திப் பார்த்தால் ஏமாற்றம்தான். நம் பக்கம் வெயில் உச்சம் மார்ச், ஏப்ரல். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் பகல் வெப்பம் சரிந்துவிடும். சைன் அலைக்கு ஏற்றமும் இறக்கமும் ஒரே அளவு. நம் வெயிலுக்கு அப்படி இல்லை. கொச்சிக் கடலின் ஏற்ற இறக்கமும் ஒற்றைச் சைனுக்கு அடங்காது. ஒரே நாளில் வரும் இரண்டு ஏற்றமும் ஒரே உயரம் இல்லை; 12.42 மணி நேர அலையோடு ஏறக்குறைய ஒரு நாள் நீள அலைகளும் கலந்திருக்கின்றன. ரெக்ரஷன் ஒரே ஒரு சைனைத்தான் தரும். இதில் கருவியைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

தேய்மானம் பற்றிச் சுருக்கமாக. ரீசார்ஜபிள் பேட்டரி போட்டால் ஆறு வோல்ட்டுக்குப் பதில் 4.8 வோல்ட்தான், பேட்டரி தீர்ந்தது என்று சீக்கிரமே கத்தும். அல்கலைன் போட்டுவிட்டுப் பள்ளி விடுமுறை முழுக்க உள்ளேயே வைத்தால் கசிந்து ஸ்பிரிங் பச்சை பிடிக்கும். வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட வேண்டும். திரையில் செங்குத்தாக ஒரு வரிசை காணாமல் போவதுதான் பெரிய நோய். திரையைப் போர்டோடு இணைக்கும் பிளாஸ்டிக் பட்டை ஒட்டுவிடுவதால் வருவது. சூடுபடுத்தி அழுத்தினால் திரும்பிவரும், ஆனால் நிலைக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

இனி நண்பரின் கேள்வி. கேரளப் பள்ளிகளுக்குக் கைட் (பள்ளிகளின் கணினிக் கல்வியைக் கவனிக்கும் மாநில அரசு நிறுவனம்) கொடுத்த லேப்டாப்பில், வளைவு வரையும் இலவச மென்பொருளான ஜியோஜீப்ரா ஏற்கெனவே இருக்கிறது. தமிழ் மீடியம் பள்ளிகளிலும் இருக்கிறது. வீச்சு, அலைநீளம், கட்டம் மூன்றையும் ஸ்லைடரில் இழுத்துக் காட்டலாம், காசு இல்லை. கிராஃப் கால்குலேட்டரைப் பொதுத் தேர்வு அறைக்குள் விடவும் மாட்டார்கள். பகல் நீளத்தை நாலு எண்ணில் அடக்கிக் கொடுத்த கருவியை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லைதான். ஆனாலும் வேண்டாம் என்றே சொல்கிறேன். தவறான அலையை இவ்வளவு அழகாக வரைந்து காட்டும் பொருளை, தனியாக உட்கார்ந்து படிக்கும் பிள்ளை கையில் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

வாங்கியே தீருவேன் என்றால் கடையில் நின்று மூன்றைப் பாருங்கள். பேட்டரி மூடியைக் கழற்றி ஸ்பிரிங்கில் பச்சை இருக்கிறதா என்று பாருங்கள். ஒய் மைனஸ் 5-ஐவிடப் பெரிது என்று கொடுத்து, திரை முழுக்கக் கறுக்க வையுங்கள்; விட்டுப்போன வரிசை வெள்ளைக் கோடாகத் தெரியும். பிறகு திரையின் இடது, வலது ஓரத்தை விரலால் லேசாக அழுத்துங்கள். அழுத்தும்போது வெள்ளைக் கோடு மறைந்து, விட்டதும் திரும்பி வந்தால் பட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. என்ன விலை சொன்னாலும் அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.