தேயிலை மலைக்கு எந்தப் பாதம்? ஜெய்ப்பூர் ரப்பரும் சாக் பாதமும்

முழங்காலுக்குக் கீழே எடுத்த காலுக்குச் செயற்கைக்கால் பூட்டப் போகிறவர்களுக்கு இலங்கை மலையகத்தில் கடைசியில் இரண்டு பாதங்கள்தான் மிஞ்சும். ஒன்று ஜெய்ப்பூர் ரப்பர் பாதம். மற்றது கணுக்கால் அசையாமல், குதிக்காலில் மட்டும் மெத்தை வைத்த சாக் பாதம். கார்பன் ஃபைபர் பாதத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதன் விலைக்குத் தோட்டத்துச் சம்பளம் எட்டாது. எங்கள் வீட்டில் எடுத்தது ரப்பர் பாதம், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஹட்டன் டவுனில் கடையில் நிற்கிறவருக்கோ, சப்பாத்து போட்டுப் பள்ளிக்கூடம் போகிற ஆசிரியருக்கோ இதே பதிலைச் சொல்லமாட்டேன்.

தோற்றத்தில் ரப்பர் பாதத்துக்கு விரல் பிரிந்திருக்கும், நிறமும் தோலுக்குக் கிட்ட வரும். சாக் பாதம் சப்பாத்துக்குள் போவதற்கென்றே செய்தது. அதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் காரியம்.

ஜெய்ப்பூர் பாதம் 1960களின் கடைசியில் உருவானது. ஜெய்ப்பூரில் டொக்டர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து செய்தார்கள். குதிக்காலிலும் முன்பாதத்திலும் மைக்ரோசெல்லுலர் ரப்பர் கட்டிகள். சீனி நோய் கிளினிக்கில் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பின் அதே ரப்பர்தான். கணுக்காலில் ஒரு மரக்கட்டை. மூன்றையும் டயர் நூல்துணியாலும் ரப்பர் கலவையாலும் சுற்றி, அச்சில் வைத்துச் சூட்டில் இறுக்குகிறார்கள். நீளவாட்டில் விறைப்பான தண்டு எதுவும் இல்லாததால் முன்பாதம் மேலே மடியும், பக்கவாட்டில் சாயும், கொஞ்சம் சுழலவும் செய்யும். இலங்கையில் கொழும்பு ஃபிரெண்ட்-இன்-நீட் சொசைட்டி 1985இலும், யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் 1987இலும் இந்தக் கால்களைச் செய்யத் தொடங்கின.

சாக் பாதம் 1950களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த வடிவமைப்பு. நம் பக்கத்து நாடுகளில் அதிகம் பரவியது செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் பொலிப்ரொப்பிலீன் கால்களோடு வருகிற வகை. உள்ளே விறைப்பான பொலிப்ரொப்பிலீன் தண்டு, சுற்றிவர பொலியூரித்தேன் நுரை, குதிக்காலில் மென்மையான ஆப்பு. நிறுத்திப் பிடிப்பது அடியிலிருந்து மேலே போகும் ஒரே ஒரு போல்ட்.

சமதரையில் சாக் நன்றாகவே நடக்கும். 1995இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் இரண்டு பாதத்தோடும் மனிதர்களை நடக்கவிட்டுத் தரைவிசையை அளந்தார்கள். குதிக்கால் பதியும் அடியை உள்வாங்குவதில் சாக் முந்தியது. இயல்பான பாதத்துக்குக் கிட்ட வந்தது ஜெய்ப்பூர். நடந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள் என்பதால் அதைப் பெரிய தீர்ப்பாக எடுக்க வேண்டாம். திசை சரி, அவ்வளவுதான்.

மலையில் கதை மாறும். ஏற்றத்தில் பாதம் கணுக்காலில் மேலே மடிய வேண்டும். சாக் மடியாது. உடம்பு முன்னே போகப் பார்க்க, கால் தண்டு பின்னே தள்ளும், முழங்கால் பின்பக்கம் விறைக்கும். அதனால்தான் சாக் போட்டவர் ஏற்றத்தில் நல்ல காலின் விரல்நுனியில் எம்பி எம்பி ஏறுவார். இறக்கத்தில் குதிக்கால் ஆப்பு எவ்வளவு நசுங்குமோ அவ்வளவுதான் பாதம் தரையைத் தொடும். மிச்சச் சரிவை முழங்கால் திடீரென மடிந்து சமாளிக்கும். கொழுந்துக் கூடையோடு கான் (வடிகால்) தாண்டி இறங்குகிற வேளையில் இந்தத் திடீர் மடிப்புத்தான் ஆளை விழுத்தும். பக்கச் சரிவில் மலைக்குக் குறுக்கே நடக்கும்போதும் சாக் ஒரு விளிம்பில்தான் நிற்கும். ரப்பர் பாதம் சரிவோடு சாய்ந்து கொடுக்கும். குந்தியிருப்பதற்கும் சப்பாணம் கொட்டி உட்காருவதற்கும் இதே காரணத்தால் அது தோது.

இன்னொன்று குதி உயரம். சாக் பாதம் ஒரு குறித்த உயரச் சப்பாத்துக்கு என்று அமைந்து வரும். அதைக் கழற்றிவிட்டு வெறும் பாதத்தோடு கோயிலுக்குள் போனால் முழுக்காலும் பின்னுக்குச் சாயும், முழங்கால் பின்னே இழுபடும். லயத்துக்குள் ஒரு மாதிரி, வெளியே ஒரு மாதிரி என்று நாளுக்குப் பத்துத் தரம் செருப்பு மாற்றுகிற வாழ்க்கைக்கு இது சரிவராது.

இவ்வளவும் சொன்னாலும், என் முடிவைத் தீர்மானித்தது சரிவு இல்லை. தண்ணீர்.

பொலியூரித்தேன் நுரை ஈரத்தில் வேதிமுறையிலேயே உடையும். எஸ்டர் பிணைப்புள்ள வகையில் தண்ணீர் மூலக்கூறு அந்தப் பிணைப்பை வெட்டும், சூடு அதை விரைவாக்கும். அலுமாரியில் இரண்டு மூன்று வருஷம் போடாமல் கிடந்த சப்பாத்தின் அடி ஒரு நாள் நடந்ததும் துண்டு துண்டாக உதிருமே, அதே சங்கதிதான். ஆகவே பாவிக்காத சாக் பாதமும் கிடங்கில் வயதாகும். எடுக்கும்போது உற்பத்தித் திகதியைக் கேளுங்கள். குதிக்காலைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி உடனே மேலே வரவேண்டும். குழி அப்படியே நின்றாலோ, உள்ளே நறநறவென்றாலோ வேண்டாம். வட்டவளை, கினிகத்தேன பக்கம் ஆண்டு மழை 5000 மில்லிமீட்டரைத் தொடும். அங்கே ஈரம் என்பது பருவம் இல்லை, நிரந்தரம். பதுளைப் பக்கம் காய்கிற மாதங்கள் உண்டு, சாக் அங்கே கூடுதல் காலம் தாக்குப்பிடிக்க இடமிருக்கிறது.

ரப்பர் பாதத்துக்கும் ஈரப் பகை உண்டு, ஆனால் இடம் வேறு. வெளி ரப்பர் மழைக்கு அசையாது. பழுதாவது உள்ளே இருக்கும் மரக்கட்டை. கால் குழாயும் பாதமும் சேருகிற விளிம்பாலும், குழாயைப் பிடிக்க மரத்துக்குள் போட்ட ஸ்குரூ ஓட்டைகளாலும் தண்ணீர் இறங்கும். மரம் ஊறும், ஸ்குரூ பிடி தளரும், பிறகு ஒவ்வொரு எட்டுக்கும் “டக்” என்று சத்தம் வரும். சத்தம் வந்த நாளே இறுக்கிவிட்டால் தப்பலாம். விட்டால் ஓட்டை அகலும், இறுக்க மரமே மிஞ்சாது. பூட்டுவதற்கு முன்பே கட்டையின் மேல்முகத்துக்கு வார்னிஷ் பூசவும், விளிம்பைப் பசையால் அடைக்கவும் கேளுங்கள். கேட்காமல் செய்வார்கள் என்று நினைக்க வேண்டாம்.

மாலையில் வந்ததும் சவர்க்காரத் தண்ணீரால் சேற்றைக் கழுவி, துணியால் ஒற்றி, பாதம் மேலே இருக்கும்படி சாய்த்து வையுங்கள். விளிம்பில் நின்ற தண்ணீர் வெளியே வடியும். அடுப்புக்கு மேலே காயப்போடவே கூடாது. புகையும் சூடும் ரப்பரை விறைக்க வைக்கும், பிறகு விரல் மடிப்பில் வெடிக்கும். தேயிலைக் கறையைப் போக்க மண்ணெண்ணெய் தேய்ப்பதும் அப்படியே. எண்ணெய் பட்ட ரப்பர் ஊதும், துணி அடுக்கிலிருந்து கழன்று வரும்.

வெடிப்பு வரும் இடங்கள் தெரிந்தவைதான்: விரல்களுக்குப் பின்னால் மடிகிற கோடு, அடுத்தது கணுக்காலின் மேல்விளிம்பு. ஆழமில்லாத வெடிப்பென்றால் நன்றாகக் காயவிட்டு, அரத்தாளால் சொரசொரப்பாக்கி, செருப்புத் தைப்பவர் பாவிக்கிற ரப்பர் பசையை மெல்லியதாக இரண்டு பூச்சு பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் தொட்டால் ஒட்டி விடுபடும் பதத்துக்கு வரவேண்டும். பிறகு அழுத்தி, பழைய டியூப் பட்டியால் இறுகச் சுற்றி ஓர் இரவு வைத்தால் போதும். டயர் கடையில் சூட்டு ஒட்டுப் போடச் சொல்லாதீர்கள், உள்ளிருக்கும் எம்.சி.ஆர். நசுங்கிவிடலாம். வெடிப்புக்குள் நூல்துணி தெரிந்தால் ஒட்டிப் பயனில்லை, பாதம் மாற்ற வேண்டியதுதான். சாக்கில் இந்தக் கட்டமே கிடையாது. நுரை உதிரத் தொடங்கினால் பசைக்குப் பிடிக்க எதுவும் இருக்காது. ஒட்டு வேலை ஊர்ச் சந்தியில் முடியும், புதுப் பாதத்துக்கு பஸ் பிடிக்க வேண்டும். மேல்கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு என்றால் ஒரு நாள் சம்பளமும் போயிற்று, அடுத்த நாள் உடம்பும் போயிற்று.

“சோதனையில் தேறிய பாதம்” என்று யாராவது சொன்னால் அதற்கும் அளவு உண்டு. செயற்கைக்கால்களின் வலிமையைச் சோதிக்கும் ஐ.எஸ்.ஓ. 10328 என்ற சர்வதேசத் தரத்தில் குதிக்கால் பக்கமும் விரல் பக்கமும் மாறி மாறி 20 லட்சம் தடவை பளு ஏற்றுகிறார்கள். ஒருவர் நாளுக்கு 5000 எட்டு வைத்தால் ஒரு காலுக்கு 2500, ஆக 800 நாள் கணக்கு. மலையில் வேலை செய்கிறவருக்கு அது இன்னும் குறையும். அந்த இயந்திரத்தில் சேறும் இல்லை, மழையும் இல்லை, பக்கச் சரிவும் இல்லை. பேராதனையிலோ மொறட்டுவையிலோ இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிற பொறியியல் பிள்ளைகள் பாதத்தை முதலில் சில வாரம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு இயந்திரத்தில் ஏற்றலாம். நம் மலைக்கு அந்த எண்தான் பயன்படும்.

ரப்பர் பாதத்தின் பெரிய குறை எடை. முக்கால் கிலோவுக்கு மேலே போகும், கையால் செய்வதால் ஒன்றுக்கொன்று வித்தியாசமும் இருக்கும். காலின் நுனியில் தொங்கும் எடை என்பதால் ஒவ்வொரு வீச்சிலும் சொக்கட் (மிச்சக் கால் நுழைகிற கிண்ணம்) கீழே இழுபட்டு, ஈரச் சொக்ஸோடு சேர்ந்து தோலை உரசும். பட்டியை முழங்கால் சில்லுக்கு மேலே சரியாக இறுக்குங்கள். சொக்ஸ் மூன்று சோடியாவது வைத்திருங்கள், மூடுபனி மாதங்களில் ஒன்று காய இரண்டு நாள் எடுக்கும். சீனி நோயால் கால் எடுத்தவர், தோலில் உணர்வு குறைந்தவர் என்றால் எடை குறைந்த சாக்கை நானும் யோசிப்பேன். உடம்பு பாரமானவருக்கும் அப்படித்தான். ரப்பர் பாதத்தின் முன்பகுதி அவருக்கு அதிகமாக மடிந்து, குழிக்குள் கால் வைத்ததுபோல் முன்னே இறக்கிவிடும். சாக் எடுத்து பூட்ஸ் போடுகிறவர்கள் பாதத்தின் மேல் ஒரு சொப்பிங் பையை மாட்டி பூட்ஸுக்குள் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும், பிறகு பையை உருவிவிடலாம்.

தொடைக்கு மேலே எடுத்த காலுக்கு இங்கே சொன்னதை அப்படியே எடுக்க வேண்டாம். அங்கே முழங்கால் மூட்டு எந்த வகை என்பதுதான் முதல் கேள்வி. பாரமான பாதம் வீச்சையே மாற்றிவிடும். வளருகிற பிள்ளைகளுக்கும் வேறு கணக்கு, அளவு மாறிக்கொண்டே இருப்பதால் பாதம் பழுதாகும் முன்பே சிறுத்துவிடும்.

எதை எடுத்தாலும் நிலையத்தில் சமதரையில் மட்டும் நடந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். படி, சரிவுப் பலகை இரண்டிலும் ஏறி இறங்கிக் காட்டுங்கள், பலகையில் குறுக்கேயும் நடங்கள். வீட்டில் செருப்பில்லாமல்தான் இருப்பேன், மலையில் வேலை என்று, பாதத்தின் நிலையைச் சரிபார்த்துப் பூட்டும் முன்பே சொல்லுங்கள். குதி உயரத்தை அதற்கேற்றபடி வைப்பார்கள். பாதத்தின் அளவு, இடமா வலமா, பூட்டிய திகதி மூன்றையும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த பாதத்துக்குப் போன் எடுக்கும்போது முதலில் கேட்பது அவைதான்.